‘ப. பாண்டி’: நடிகர் இயக்கினால் கூடுவதும் குறைவதும்

‘ப. பாண்டி’ நல்ல படமா, சுமாரான படமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வராது. சில இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. சில இடங்களில் மணி பார்த்தேன். ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

2017 ஏப்ரலில் வெளியான இது, நடிகர் தனுஷ் இயக்கிய முதல் படம். ஒரு காலத்தில் சினிமாவில் சண்டைக் கலைஞராக இருந்த பாண்டி, இப்போது மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். சோற்றுக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் எதைச் செய்தாலும் மகனுக்குச் சங்கடம். ஒருநாள் புல்லட்டை எடுத்துக்கொண்டு, இளவயதில் பிரிந்த பூந்தென்றலைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்.

முதலில் நிறையைச் சொல்கிறேன். எந்த முகத்துக்குள் எது ஒளிந்திருக்கிறது என்பது நடிகருக்குத் தெரியும். முறுக்கிய மீசையும் ஓங்கிய கையுமாக நாம் பழகிய ராஜ்கிரணைப் பாண்டியாக்கி, மகன் கடிந்துகொள்ளும்போது தலைகுனிந்து நிற்க வைக்கிறார் தனுஷ். அந்த உடம்பின் பலம் நமக்குத் தெரியும் என்பதால்தான் அந்த மௌனம் வலிக்கிறது. பிரசன்னா நடித்த மகனும் கெட்டவன் இல்லை. வேலை நெருக்கடியில் அப்பாவைக் குழந்தையாக்கிவிட்டவன். சாயா சிங்கின் மருமகளும் கொடுமைக்காரி இல்லை. வில்லனே இல்லாத வீட்டில் ஒரு பெரியவர் மூச்சு முட்டுவதைக் காட்டுவது சுலபமல்ல. வயதான பூந்தென்றலாக ரேவதி வந்ததும் படம் இன்னும் மலர்கிறது. அவரும் ராஜ்கிரணும் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் கேமரா அவசரப்படுவதில்லை. ரேவதியின் ஒரு பாதிச் சிரிப்புக்காகக் காத்திருக்கிறது.

இனி குறை. நடிகர்கள் மீதுள்ள அதே பிரியம்தான் கத்தரியைத் தடுக்கிறது. பின்கதையில் இளவயதுப் பாண்டியாகத் தனுஷே வருகிறார். இளவயதுப் பூந்தென்றலாக மடோனா செபாஸ்டியன். பார்க்க இனிமைதான். ஆனால் இந்தப் பின்கதை கபடி, கிராமம், பிரிவு என நாம் பலமுறை கண்ட தடத்திலேயே நீண்டுகொண்டு போகிறது. இழந்த காதலின் கனத்தை ராஜ்கிரணின் கண்களே சொல்லிவிட்ட பிறகு, பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டியதை இவ்வளவு நீட்டத் தேவையில்லை. போதைப்பொருள் விற்கிறவர்களோடு மோதும் பகுதியும் அப்படித்தான். பெரியவர் இன்னும் நாயகன்தான் என்று காட்டும் ஆசையில், அவர் மனிதராக நிற்கும் அழகைச் சற்றே மறைத்துவிடுகிறது. முதுமை பற்றிய சில வசனங்களும், காட்சி உணர்த்தியதையே மறுபடி எடுத்துச் சொல்கின்றன.

நிறை, குறை இரண்டுக்கும் வேர் ஒன்றே. நடிகருக்கு நேரம் கொடுக்கத் தெரிந்த இயக்குநருக்கு, அந்த நேரத்தைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை. முதல் படத்தில் இது மன்னிக்கத்தக்க குறை. மனிதரைப் பார்க்கும் கண் இருந்தால், எங்கே வெட்டுவது என்பதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இதுவரை பார்க்காதவர்கள் பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். படம் முடிந்ததும் அவர் பேச ஆரம்பித்தால், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.