முதலில் தண்ணீர், பிறகுதான் துணி

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை ஆறு மணிக்குக் கார் துடைக்கும் வேலை தொடங்கிவிடும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி. வரிசையாக நிற்கும் எட்டுப் பத்துக் கார்களுக்கும் அதே வாளி, அதே துணி. வேலை முடிந்ததும் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். இரண்டு வருடம் கழித்து அதே காரை வெயிலில் நிறுத்தி, பானெட்டைக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அவை ஓட்டியதால் வந்தவை அல்ல, துடைத்ததால் வந்தவை.

காரின் உலோகத்தின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கின்றன. பளபளப்பைத் தருவதும் வெயிலையும் மழையையும் தாங்குவதும் இந்தக் கடைசிப் பூச்சுதான். அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியைவிடக் குறைவு. நம் சாலைத் தூசியில் நிறைய மணல் இருக்கிறது. மணல் துகள் பெயின்டைவிடக் கடினமானது. உலர்ந்த தூசியின் மேல் துணியை வைத்து அழுத்தினால், ஒவ்வொரு துகளும் அந்தப் பூச்சை உழுதுகொண்டே போகும். ஆகவே காரை நனைக்காமல் துடைக்கவே கூடாது. வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவுவது தினமும் துடைப்பதைவிட எவ்வளவோ மேல். தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டு மூடுவதும் இதே கெடுதலைச் செய்யும். காற்றில் கவர் அசைய அசைய அதுவும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கழுவுவதற்குக் காலையோ மாலையோ, நிழலான இடமே நல்லது. பானெட் கைக்குச் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். முதலில் சோப்பு எதுவும் இல்லாமல் கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கித் தண்ணீர் ஊற்றி, மணலும் சேறும் தானாக வழிந்து ஓட விடுங்கள். அதன் பிறகு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பில் தோய்த்த துணியால் ஒரு பகுதியைத் துடைத்ததும், அதை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டு மறுபடி ஷாம்பில் தோய்க்க வேண்டும். மணல் அலசும் வாளியின் அடியில் தங்கிவிடும், பெயின்டுக்குத் திரும்பி வராது. மைக்ரோஃபைபர் துணி இதற்கு மிகவும் ஏற்றது. துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதைக் காரில் வைக்காதீர்கள். சக்கரங்களைக் கடைசியில், தனித் துணியால் துடைக்க வேண்டும்.

துணி துவைக்கும் பவுடர் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் சோடா உப்பு பூச்சை மங்க வைக்கும், ரப்பரையும் வறள வைக்கும். பாத்திரம் கழுவும் திரவம் அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் மேலே போட்ட மெழுகை எடுத்துவிடும். பளபளப்புக்காக டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைக்கும் பழக்கம் சில ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்த மினுமினுப்பு ஒரு நாள்கூட நிற்காது. எண்ணெய்ப் பசையில் தூசி அப்பிக்கொள்ளும், ஜன்னல் ரப்பர்களும் ஊறிக் கெடும்.

நம் ஊரில் பலருக்கும் கிடைப்பது போர் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருப்பதால், காரின் மேல் தானாக உலர்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். கண்ணாடியில் விழுந்த புள்ளிகள் இரவில் எதிர் வண்டி வெளிச்சத்தில் பார்வையை மறைக்கும். கடைசி அலசல் முடிந்ததும் சுத்தமான உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால் போதும். புதிதாக விழுந்த புள்ளி என்றால், வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு, மெதுவாகத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

தண்ணீரின் அளவையும் சொல்லியாக வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடங்களோடு மக்கள் காத்துக் கிடந்தார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் கணக்கில்லாமல் போகும். மேலே சொன்ன முறையில் ஐந்தாறு வாளி இருந்தால் ஒரு சாதாரண கார் சுத்தமாகிவிடும். அரிசி களைந்த நீர் போன்றவற்றை மிச்சம் பிடித்துச் செடிக்கு ஊற்றும் வீட்டில், காருக்கு மட்டும் குழாயைத் திறந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

பறவை எச்சத்தை மட்டும் வாராந்திரக் கழுவலுக்காக விட்டுவைக்கக் கூடாது. அதிலிருக்கும் அமிலம் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். காய்ந்துபோனதைச் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறிவிடும், பிறகு வழித்து எடுத்துவிடலாம். மாமரத்தடியில் நிறுத்தினால் ஒட்டும் பிசுபிசுப்புக்கும் வெதுவெதுப்பான நீரில் இதையே செய்யலாம். ஆயுத பூஜைக்குப் பூசும் திருநீறும் சந்தனமும் குங்குமமும்கூட அப்படித்தான். மறுநாள் அவற்றை உலர்ந்த துணியால் தேய்த்துவிடுகிறோம். திருநீறு தூள் தூசியைப் போலவே கீறும், குங்குமம் வெளிர்நிறக் காரில் கறையாகத் தங்கும். பூஜை முடிந்த அன்று மாலையே தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்துவிடுவது நல்லது. கடலோர ஊர்க்காரர்கள் காரின் அடிப்பாகத்துக்கும் அடிக்கடி தண்ணீர் அடிக்க வேண்டும். உப்புக் காற்றில் துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அங்கேதான்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் முனையை ஓரடிக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். டயரின் பக்கவாட்டு, கதவு ரப்பர், ரேடியேட்டர் தகடுகள், பம்பரில் இருக்கும் பார்க்கிங் சென்சார் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்கக் கூடாது. ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் பிரேக் டிஸ்க் கோணலாகலாம். பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் தண்ணீர் அடிக்கவே வேண்டாம். அங்கே ஒயரும் கனெக்டரும் நிறைந்திருக்கின்றன, ஈரத் துணியே போதும். மின்சாரக் கார் என்றால் சார்ஜ் ஏறும்போது கழுவாதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்களில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது, அவற்றைத் தொடவே கூடாது.

உள்பக்கம் சுத்தம் செய்யும்போது அழகைவிட உயிர்க்காப்பு முக்கியம். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். வியர்வையும் அழுக்கும் ஏறியிருந்தால் மிதமான சோப்பு நீரால் துடைத்து, நிழலில் நன்றாக உலர்ந்த பிறகே உள்ளே போக விடுங்கள். பிளீச்சோ கடுமையான ரசாயனமோ பட்டால் பெல்ட்டின் நூலிழைகள் வலுவிழக்கும், அது வெளியே பார்த்தால் தெரியாது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர்களோ கனெக்டர்களோ இருந்தால் அவை ஏர்பேக்கைச் சேர்ந்தவை. வேக்குவம் குழாய் மாட்டி இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களில், துவைத்துப் போட்ட சீட் கவர் அந்த இடத்தை மூடி இறுக்கக் கூடாது. ஓட்டுநரின் மேட்டைத் திரும்பப் போடும்போது கொக்கியில் மாட்டி, அது பெடலுக்கு அடியில் நகராது என்று கையால் தள்ளிப் பார்ப்பது அவசியம்.

டேஷ்போர்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் பிழிந்த ஈரத் துணியே போதும். மினுக்கும் பாலிஷ் போட்டால் முன்கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து கண் கூசும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் போட்டால் வழுக்கும், அது ஆபத்து. திரவத்தைத் திரையிலோ சுவிட்சுகளிலோ நேரே தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். பின்கண்ணாடியில் மெல்லிய கோடுகள் ஓடினால் அவை பனி நீக்கும் கம்பிகள். அவற்றின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் அறுந்துவிடும்.

குழந்தைகள் பயணிக்கும் காரில் பால் கொட்டாமல் இருக்காது. கொட்டியதும் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரால் ஈரமாக்கி மறுபடி ஒற்றி, சமையல் சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டு உறிஞ்சி எடுங்கள். வாசனை பாட்டில் தொங்கவிட்டால் நாற்றம் மறையுமே தவிர, போகாது. ஏசி போட்டதும் ஈரவாடை அடித்தால், பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில் இருக்கும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சேருவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து விசிறியை மட்டும் ஓட விட்டால் உள்ளே ஈரம் தங்காது.

எந்தத் திரவம் பயன்படுத்தினாலும் கதவுகளைத் திறந்து வையுங்கள். சானிடைசர் போன்ற ஆல்கஹால் கலந்தவற்றின் ஆவி மூடிய காருக்குள் தீப்பிடிக்கக்கூடியது. பிளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வேலை நடக்கும்போது சாவி உங்கள் பையில் இருக்கட்டும். திறந்த கதவு வழியாகக் குழந்தை ஏறி, கதவு உள்ளே பூட்டிக்கொண்டால், வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். முடிந்ததும் உள்ளேயும் டிக்கியிலும் ஒருமுறை பார்த்துவிட்டே பூட்டுங்கள்.

சக்கரங்களில் தண்ணீர் பட்டதால் பிரேக் சற்று நேரம் சரியாகப் பிடிக்காது. கழுவியதும் தெருவிலேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தினால் அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். ஈரத்தோடு கைப்பிரேக் போட்டு இரவு முழுக்க நிறுத்தினால் சில கார்களில் அது ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையைக் கொடுத்து நிறுத்துங்கள்.