ஒப்பனைக்கு முன்னும் பின்னும்: படங்களே சான்றாகும் தொழில்

மணப்பெண் ஒப்பனையைத் தொழிலாகக் கொண்ட பெண்கள் கடன் கேட்டு வங்கிக் கிளைக்கு வரும்போது, விண்ணப்பத்துடன் பெரும்பாலும் தம் செல்பேசியையும் நீட்டுவார்கள். ஒப்பனைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இணை இணையாக அதில் படங்கள் இருக்கும். பெரிய கடையோ, கையிருப்புச் சரக்கோ தேவைப்படாத தொழில் இது. ஒரு பெட்டியுடன் திருமண வீட்டுக்கே சென்று பணி முடித்துத் திரும்புகிறவரிடம், செய்த வேலைக்கு அடையாளமாக எஞ்சுவது அந்தப் படங்கள்தாம். அடுத்த வாடிக்கையாளர் அவரை அமர்த்துவதும் அவற்றைப் பார்த்துத்தான். ஆகவே அவை நம்பத்தக்கனவாக இருப்பது அவருடைய வருமானத்தோடு நேரடித் தொடர்புடையது.

தேய்மானத்தைச் சென்ற ஆண்டு ஒரு முறையிலும் இவ்வாண்டு வேறொரு முறையிலும் கணக்கிட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளின் இலாபத்தை ஒப்பிடக் கூடாது என்பது வணிகவியல் மாணவர் அறிந்த பாடம். முன்–பின் படங்களுக்கும் இது பொருந்தும். இரண்டுக்கும் இடையே மாறியிருக்க வேண்டியது ஒப்பனை மட்டுமே. நாம் காண்பதோ வேறு. முதல் படத்தில் மங்கிய மஞ்சள் விளக்கு, கலைந்த கூந்தல், தூக்கம் கலையாத முகம். இரண்டாம் படத்தில் நிழற்படக் கலைஞரின் விளக்குகள், நகைகள், புன்னகை. இதைக் காண்பவர் வியப்பது ஒப்பனையையா, வெளிச்சத்தையா? உண்மையிலேயே திறமை உள்ளவருக்குத்தான் இத்தகைய படத்தால் இழப்பு. அவருடைய கைவண்ணம் எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒளி. பகல் வெளிச்சத்தின் நிறவெப்பம் ஏறத்தாழ 5,500 கெல்வின். வீட்டின் மஞ்சள் விளக்கினுடையது 2,700 கெல்வின் அளவில் இருக்கும். இவற்றில் ஒன்றின் கீழ் முதல் படத்தையும் மற்றொன்றின் கீழ் இரண்டாம் படத்தையும் எடுத்தால், ஒப்பனையே செய்யாவிட்டாலும் தோலின் நிறம் மாறித் தோன்றும். சன்னலோர வெளிச்சம் சிறந்ததுதான். ஆனால் தமிழகத்தில் பல முகூர்த்தங்கள் அதிகாலையில். வட மாநிலங்களில் பல திருமணங்கள் இரவில். ஒப்பனை தொடங்கி முடிவதற்குள் வானமே மாறிவிடும். எனவே கையோடு ஒரு விளக்கைக் கொண்டுசென்று, இரு படங்களையும் அதன் கீழேயே எடுப்பது பாதுகாப்பானது. நாற்காலி இருந்த இடத்தையும் தாம் நின்ற இடத்தையும் தரையில் குறித்துக்கொள்ளலாம். முகத்துக்கு மிக அருகில் பிடித்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். சற்று விலகி நின்று, பின்புறக் கேமராவில் எடுப்பது நல்லது. அழகூட்டும் ஃபில்டர் எதுவும் வேண்டாம். தோலின் நுண்துளைகூடத் தெரியாத முகத்தைப் பார்த்து இன்று எவரும் ஏமாறுவதில்லை.

ஃபிளாஷ் போட்டும் ஒரு படம் எடுத்துவைப்பது பயன் தரும். டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு கலந்த பூச்சுகள் சில, கண்ணுக்கு இயல்பாகத் தோன்றினாலும் ஃபிளாஷ் ஒளியில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மணமேடையில் ஃபிளாஷுக்குக் குறைவிருக்காது. அதைத் தாங்கி நிற்கும் ஒப்பனை என்று காட்டும் படம் ஆயிரம் சொற்களால் ஆகாத விளம்பரம்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கறுப்பாக இருந்தவர் சிவப்பாகிவிட்டார் என்று காட்டுவதே ஒப்பனையின் வெற்றி எனப் பலர் எண்ணுகின்றனர். கழுத்துக்கும் முகத்துக்கும் வேறுபாடு தெரியாதபடி ஃபவுண்டேஷனைத் தேர்ந்து பூசுவதே கடினமான வேலை என்பது என் கருத்து. அதனால் படத்தில் கழுத்தும் காதும் தெரிய வேண்டும். கருநிறத்தவரைத் தாழ்வாகக் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014-இல் வகுத்த நெறி, தோல் வெளுப்புப் பொருள்களின் விளம்பரங்களுக்கானது. ஆயினும் ஒப்பனைக் கலைஞரும் அதைப் பின்பற்றினால் குறையொன்றுமில்லை. சேவையைப் பற்றிய தவறான விளம்பரத்தையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கருத்தில் கொள்கிறது என்பதை மறக்கலாகாது.

முதல் படம் மற்றொருவரின் ஒப்பனையற்ற முகம். மணப்பெண் அதை ஊரறியக் காட்ட விரும்பாமல் இருக்கலாம். அவர் மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். இசைவு தருவோரிடமும், எந்தப் படம், எங்கே, எதற்காக என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் பெறுவது முறை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமையையும் அங்கீகரிக்கிறது. திருமண நிழற்படக் கலைஞர் எடுத்த படங்களை எடுத்தாள்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அப்படங்களின் முதல் உரிமையாளர். பெரும்பாலும் அவர் திருமண வீட்டார்.

இனிக் கடன். பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். பிணை இல்லாத இடத்தில், தொழில் உண்மையாக நடைபெறுகிறதா என்பதையே அதிகாரி முதலில் பார்ப்பார். படங்கள் கணக்கேட்டுக்கு மாற்றாகா. ஆனால் அதற்குத் துணை நிற்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது தெளிவு குறைவதோடு, எடுத்த நாளின் பதிவும் நீங்கிவிடும். எனவே மூலப் படங்களைத் தேதி வாரியாகத் தனியே சேமித்து, முன்பதிவுக் குறிப்பேட்டையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தையும் யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலேயே பெற்றால், படத்தின் தேதியையும் வரவின் தேதியையும் அதிகாரி சில நிமிடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.