பழைய கார்பெட் மெஷின் வாங்கிய குழுக்களின் கவனத்திற்கு



கல்யாண மண்டபம், லாட்ஜ், ஆபீஸ் என்று துப்புரவு ஒப்பந்த வேலை எடுக்கும் குழுக்கள் சில, கார்பெட் கழுவும் பிரஷ் மெஷினைப் பழசாக வாங்கியிருக்கிறார்கள். இன்னும் சில குழுக்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். புதுசுக்குப் போனால் கடன் தொகை முழுவதும் அதிலேயே போய்விடும், ஆகவே பழசு வாங்குவதில் தப்பில்லை. ஆனால் மெஷின் மூலையில் நின்றாலும் கடன் தவணை நிற்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

"மோட்டார் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார் மேடம், என்ன பண்றது?" என்று கூட்டத்தில் கேட்கிறீர்கள். போய்ப் பார்த்தால் பல நேரம் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனது பிரஷ், இல்லாவிட்டால் வயர், இல்லாவிட்டால் கரண்ட் எடுத்த இடம். இந்த மூன்றையும் படிக்காத அக்காவும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்து விடலாம்.

நான் சொல்வது கீழே ஒரே ஒரு வட்ட பிரஷ் சுற்றும், நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் மெஷின். பெரும்பாலும் பிரஷ் அகலம் 17 அங்குலம் இருக்கும். நிமிடத்துக்கு 150 முதல் 180 சுற்று ஓடும். 1000 சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷின் தரைக்குப் பாலிஷ் போடுவது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதைக் கார்பெட் மேல் விடவே கூடாது.

வாங்கும்போது முதலில் மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின்களில் சிலவற்றில் 110 அல்லது 120 வோல்ட் என்று இருக்கும். நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட். அப்படியே சொருகினால் மோட்டார் எரிந்துபோகும். விலை குறைவு என்று இதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அடுத்து, பிரஷ்ஷை மாட்டி, ஈரக் கார்பெட் மேல் பத்து நிமிடமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிரஷ் இல்லாமல் சும்மா ஓட்டினால் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும். ஓடி முடிந்ததும் மோட்டார் மூடியிடம் முகர்ந்து பாருங்கள், கருகல் வாசம் வந்தால் வேண்டாம். இந்த மாடலுக்கு பிரஷ்ஷும், பிரஷ்ஷை மெஷினோடு பூட்டுகிற தட்டும் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பூட்டு மாறும். பிரஷ் கிடைக்காத மெஷின் பழைய இரும்புக்குத்தான் சமம்.

இப்போது கரண்ட் விஷயம். இதில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. தண்ணீரில் நின்றுகொண்டு இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற மெஷின் இது. பிளக்கில் மூன்று கம்பியும் இருக்க வேண்டும், பெரிய கம்பிதான் எர்த். மண்டபத்துப் பாயிண்டில் சேரவில்லை என்று அந்தக் கம்பியை ஒடித்துவிட்டு சொருகிய மெஷினை நான் பார்த்திருக்கிறேன். அப்படி மெஷின் வந்தால் ஓட்டாதீர்கள், முதலில் பிளக்கை மாற்றுங்கள். மண்டபத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று அங்குள்ள எலக்ட்ரீஷியனிடம் கேட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். குழுவுக்கென்று 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் வைத்த ஒரு போர்டு செய்து எடுத்துப் போவது நல்லது. "போட்டாலே ட்ரிப் ஆகுது, அதைக் கழற்றிட்டு நேரா கொடுத்துட்டோம்" என்று ஒரு குழுவில் சொன்னார்கள். ட்ரிப் ஆவது தொந்தரவு இல்லை சகோதரிகளே. மெஷினில் எங்கோ கரண்ட் கசிகிறது, உங்கள் உடம்பு வழியாகப் போகும் முன்னால் அது நிறுத்திவிட்டது. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை மெஷின் ஓடக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லிசாக, நீளமாக இருந்தால் கடைசியில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது கரண்ட் பல மடங்கு இழுக்கும். 2.5 ஸ்கொயர் எம்.எம். கனமுள்ள மூன்று கம்பி வயரும் 16 ஆம்பியர் பாயிண்டும் வேண்டும். வேலை நடுவில் வயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் போதாத வயர் என்று அர்த்தம். வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டவும் கூடாது, சுருளுக்குள் சூடேறி உருகும். வயர் எப்போதும் தோள் மேல் போட்டு உங்களுக்குப் பின்னால் கிடக்கட்டும். முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டையாகப் போட்டு, ரப்பர் செருப்போடு ஓட்டுங்கள்.

பிரஷ்ஷுக்கு வருவோம். ஒரு குழு லாட்ஜில் கழித்த மெஷின் ஒன்றை வாங்கியது. கொஞ்ச நாளில் அது குதிக்க ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. கியர் பாக்ஸ் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். பிரஷ்ஷைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தபோது ஒரு பக்கத்து முடி முழுவதும் படுத்துக் கிடந்தது. வேலை முடிந்ததும் மெஷினை பிரஷ் மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அத்தனை எடையும் ஈர முடி மேல்! வேறு பிரஷ் மாட்டியதும் குதிப்பு நின்றுவிட்டது. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தவுடன் பிளக்கைப் பிடுங்கி, தொட்டித் தண்ணீரை வடித்து, அதன் பிறகுதான் மெஷினைப் பின்பக்கம் சாய்த்து பிரஷ்ஷைக் கழற்ற வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீரோடு சாய்த்தால் அது மோட்டாருக்குள் இறங்கும். பிரஷ்ஷில் சுற்றிய நூல், தலைமுடி எல்லாவற்றையும் கத்தரித்து எடுங்கள், நடு அச்சில் சுற்றியதையும் சேர்த்து. அலசி, முடி மேல் பார்த்தபடி காய வையுங்கள். புதுசில் இருந்த உயரத்தில் பாதிக்கும் கீழே தேய்ந்துவிட்டால் பிரஷ்ஷை மாற்றத்தான் வேண்டும். கார்பெட்டுக்கு மென்மையான நைலான் பிரஷ், டைல்ஸுக்கு முரட்டு பிரஷ். இரண்டையும் மாற்றிப் போட்டால் கார்பெட் நூல் பிய்ந்து, நஷ்டஈடு நம் தலையில் விழும்.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு மெஷின் இழுப்பது கோளாறு போலத் தெரியும். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் வலது பக்கமும், தாழ்த்தினால் இடது பக்கமும் போகும், அதன் சுபாவமே அதுதான். இடுப்பு உயரத்தில் பிடித்து, பிரஷ் சமமாகப் படிந்தால் தானாக நிற்கும். எதிர்த்து மல்லுக்கட்டினால் தோள்பட்டைதான் வலிக்கும்.

சுவிட்ச் போட்டதும் "உம்ம்" என்று சத்தம் மட்டும் வந்து பிரஷ் சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பிரஷ்ஷைக் கழற்றி, அச்சில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் சொருகி, பிரஷ் இல்லாமல் ஒரு நொடி போட்டுப் பாருங்கள். சுற்றினால் குறை வயரிலோ வோல்டேஜிலோதான். அப்போதும் உறுமினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சில நூறு ரூபாய் சாமான் அது. மோட்டார் கட்டுவதற்குச் சம்மதிக்கும் முன்னால் "கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தீங்களா அண்ணே" என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருந்து அடிக்கும்.

சத்தமே இல்லாவிட்டால் அதே பாயிண்டில் ஒரு ஃபேனைச் சொருகிப் பாருங்கள். பாயிண்ட் நன்றாக இருந்தால், சில மெஷின்களில் சூடேறினால் தானாக அணைக்கும் சின்ன பட்டன் இருக்கும், பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்துங்கள். அடுத்து கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடம். இழுத்து இழுத்து உள்ளே கம்பி அறுந்திருக்கும், வெளியே தெரியாது.

ஷாம்பு வராவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. ஷாம்பு கேனில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். நுரை அதிகம் வந்தால் சுத்தம் என்பது நம் நினைப்பு. நுரை கார்பெட்டிலேயே தங்கி, பிசுபிசுத்து, பத்தே நாளில் அழுக்கை இழுத்துக்கொள்ளும். மண்டபக்காரர் நம்மைத்தான் குறை சொல்வார்.

எல்லா விரிப்புக்கும் இந்த மெஷின் ஆகாது. பட்டு, கம்பளிக் கைமுடிச்சு விரிப்புகள், சணல் விரிப்பு, பவானி ஜமுக்காளம் இவற்றின் மேல் ஓட்டாதீர்கள். ஜமுக்காளம் சுருண்டு பிரஷ்ஷுக்குள் போகும், சணல் நனைந்தால் பழுப்பேறும். ஓரத்தில் குஞ்சம் இருந்தால் ஒரு அடி தள்ளி நிறுத்தி, ஓரத்தைக் கை பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். சாயம் போகுமா என்று மூலையில் வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

தீர்மான நோட்டு எழுதுவது போல மெஷினுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணி நேரம் ஓடியது, யார் ஓட்டியது, என்ன சாமான் மாற்றியது என்று எழுதி வந்தால் பிரஷ் எத்தனை வேலைக்குத் தாங்குகிறது என்பது ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வேலைக் கூலியிலும் பங்கு பிரிக்கும் முன்பே தேய்மானத்துக்கு ஒரு தொகையை எடுத்துத் தனியாக வையுங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்தால் மாற்றிய பழைய சாமானையும் பில்லையும் கேட்டு வாங்கி, அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டு நோட்டில் ஒட்டிவிடுங்கள்.