லாரியின் ஐந்தாம் சக்கரம்

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் ஏற்றிய நீண்ட லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் எஞ்சினும் கேபினும் கொண்ட இழுவை வண்டி. பின்னால் முன்சக்கரமே இல்லாத டிரெய்லர். டிரெய்லரின் முன்பாரத்தை இழுவை வண்டிதான் முதுகில் சுமக்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். இது குதிரை வண்டிக் காலத்துப் பெயர். நான்கு சக்கரக் கோச்சு வண்டி திரும்புவதற்காக முன் அச்சின் மேல் படுக்கைவாட்டில் ஓர் இரும்பு வளையம் வைப்பார்கள். உருளாத அந்த வளையத்தை ஐந்தாம் சக்கரம் என்றார்கள். லாரி வந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

டிரெய்லரின் அடியில் 'கிங் பின்' எனும் உருக்கு முளை ஒன்று கீழ்நோக்கி நிற்கும். பெரும்பாலானவற்றில் அதன் குறுக்களவு 2 அங்குலம். தட்டின் பிளவு வழியாக அது நுழைந்ததும் தாடைகள் கவ்விக்கொள்ளும். ரயில் பெட்டி போகியின் பிவட்டில் அமர்ந்து திரும்புவதும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். ஆனால் ரயிலில் பிவட் இடம் மாறாது. அமெரிக்காவிலோ பல லாரிகளில் இந்தத் தட்டையே முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

நம் சங்க அன்பர் ஒருவரின் மகன் டெக்சாஸில் இப்படிப்பட்ட லாரி ஓட்டுகிறார். விடுமுறையில் வந்திருந்தபோது அவர் விவரமாகச் சொன்னதை, வண்டிப் பெட்டிகளோடு உழைத்தவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

எதற்காக நகர்த்த வேண்டும்?

எல்லாம் எடைக் கணக்குக்காகத்தான். அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைகளில் சரக்கோடு சேர்த்து மொத்த எடை 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36,280 கிலோவைத் தாண்டக்கூடாது. அடுத்தடுத்து உள்ள இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு. ஸ்டியரிங் அச்சு வழக்கமாகச் சுமப்பது 12,000 பவுண்டு அளவு. மொத்தம் சரியாக இருந்தும் ஓர் அச்சில் கூடிவிட்டால் எடை மேடையில் அபராதம்தான்.

தட்டை முன்னால் தள்ளினால் பாரம் ஸ்டியரிங் அச்சுக்குப் போகும். பின்னால் தள்ளினால் இழுக்கும் அச்சுகளுக்குப் போகும். சின்னக் கணக்கு ஒன்று: கிங் பின்னில் 14 டன் பாரம், ஸ்டியரிங் அச்சுக்கும் பின் அச்சுகளின் மையத்துக்கும் இடையே 5.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டை 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் 14 பெருக்கல் 0.1 வகுத்தல் 5.6, அதாவது 0.25 டன் முன் அச்சுக்கு மாறுகிறது. நான்கு விரல்கடை நகர்த்தலுக்கு 250 கிலோ! அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். அளவுக்கு மீறி முன்னால் தள்ளினால் திருப்பத்தில் டிரெய்லரின் மூலை கேபினில் இடிக்கும்.

செய்முறை

முதலில் சமதளத்தில், இழுவை வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். டேஷ்போர்டில் உள்ள சிவப்புக் குமிழை வெளியே இழுத்தால் டிரெய்லரின் பிரேக் பிடித்துக்கொள்ளும். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டையும் போடுவது நல்லது. பிறகு டிரெய்லரின் தாங்குகால்களைத் தரையைத் தொடும் வரை இறக்க வேண்டும். இதனால் தட்டின் மேல் அழுத்தம் குறைந்து பூட்டு முளைகள் எளிதாக விலகும்.

அடுத்து கேபினில் உள்ள ஸ்விட்சைத் திறந்தால், காற்றழுத்தம் இருபக்கப் பூட்டு முளைகளையும் பின்னுக்கு இழுக்கும். சில வண்டிகளில் கைப்பிடியால் இழுப்பார்கள். இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கிங் பின்னை விடுவிக்கும் கைப்பிடி வேறு, தட்டை நகர்த்தும் பூட்டு வேறு. அவசரத்தில் மாற்றி இழுத்தால் டிரெய்லரே கழன்றுகொள்ளும்.

இரண்டு முளைகளும் விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகே இழுவை வண்டியை மெதுவாக நகர்த்த வேண்டும். டிரெய்லர் அசையாமல் நிற்க, தட்டு மட்டும் சட்டத்தின் மேல் இடம் மாறும். வேகமாகத் தள்ளினால் கோடித் தடுப்பில் மோதி உடையும். உரிய குழிக்கு வந்ததும் ஸ்விட்சைப் பூட்டு நிலைக்குக் கொண்டுவந்து, டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே முன்னோக்கி மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும்.

அதோடு வேலை முடியவில்லை. "மாமா, நகர்த்துறது அஞ்சு நிமிஷ வேலை. பூட்டியிருக்கான்னு இறங்கிப் பார்க்கத்தான் சோம்பல் வரும். ஆபத்தே அங்கேதான் இருக்கு," என்றார் அந்தப் பிள்ளை. உண்மைதான். முளை பாதி நுழைந்த நிலையிலும் வண்டி ஓடும். திடீர் பிரேக் போடும்போது பல டன் டிரெய்லர் தட்டோடு கேபினை நோக்கிச் சறுக்கும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, டார்ச்சு வெளிச்சத்தில் இரண்டு பக்க முளைகளும் முழுவதும் இறங்கியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். காற்றுக் குழாய்கள் இழுபடவோ தொங்கவோ கூடாது. திரும்பும்போது பின்சக்கரம் தாங்குகாலில் உரசாத இடைவெளி வேண்டும். கடைசியாகத் தாங்குகால்களை முழுவதும் உயர்த்தி, மறுபடி எடை போட வேண்டும்.

இடையில் நிற்காதே

ரயில்வேயில் ஷண்டிங் நடக்கும்போது பெட்டிகள் முற்றிலும் நின்ற பிறகே பாயிண்ட்ஸ்மேன் இடையில் நுழைய வேண்டும் என்பது விதி. எத்தனையோ உயிர்களைப் பலி கொடுத்துக் கற்ற பாடம் அது. லாரிக்கும் அதே விதிதான். நகர்த்தும் நேரத்தில் கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது. உதவிக்கு ஆள் இருந்தால், டிரைவரின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நமக்கு இரவு 8 மணி என்றால் டெக்சாஸில் காலை 8.30 அல்லது 9.30. சாப்பாடு முடித்து நாம் பிள்ளைக்குப் போன் செய்யும் அதே வேளையில், அவன் சரக்கு ஏற்றி, எடை போட்டு, தட்டை நகர்த்திக்கொண்டிருக்கக் கூடும். பாதி வேலையில் மணி அடித்தால் கவனம் சிதறும். பார்க்க வேண்டிய முளையைப் பார்க்காமல் கிளம்பிவிடுவான். எந்த நேரம் பேசலாம் என்று முன்கூட்டியே அவனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள். வேலை முடிந்ததும் அவனே பேசுவான்.