கோமாரிக் கிருமி நுழையும் வாயில்

மும்பையில், பாண்டுப்பிற்கு மேற்கே, விகார் ஏரிக்கு அப்பால், 1949-இல் நிறுவப்பெற்ற ஆரே பால் காலனி உள்ளது. எருமைகள் நெருங்கி நிற்கும் அத்தகைய கொட்டில்களில், கோமாரி ஒன்றைப் பற்றினால் விரைவில் மற்றவற்றிற்கும் பரவும், பால் வற்றும், உடையவர் வாழ்வும் தளரும். இந்நோய் எவ்வாறு உட்புகுகிறது என்பதை நாம் காண்போம்.

கோமாரிக்குக் காரணமான வைரஸை 1897-இல் ஜெர்மானிய அறிஞர்கள் லோஃப்லரும் ஃபிராஷும் கண்டறிந்தனர். அது உயிரணுவினுள் புகுந்தாலன்றிப் பெருகாது. உயிரணுவின் மேற்புறத்தில் இண்டெக்ரின் என்னும் புரதங்கள் உள்ளன. அணுவைச் சூழலோடு பிணைப்பது அவற்றின் பணி. வைரஸின் மேலுறையில் துருத்தி நிற்கும் ஒரு வளைவு, ஆர்ஜினைன், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துத் தாங்கி, இப்புரதத்தைப் பற்றுகிறது. அணுவும் அதனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்குள்ள அமிலத்தால் உறை சிதைய, கிருமியின் மரபுப்பொருள் வெளிப்பட்டுப் பெருகுகிறது. இதற்கேற்ற இண்டெக்ரின் வாயிலும் குளம்பிடையிலும் உள்ள மேற்றோலில் அமைந்திருப்பது, அங்கே கொப்புளம் எழுவதற்கு ஒரு காரணமாகும்.

தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் அவ்வளைவை மூடிவிடுகின்றன. ஆயினும், அம்மூன்றையும் சூழ்ந்த பகுதியைக் கிருமி மாற்றிக்கொள்ள வல்லது. ஆகவே நம் நாட்டுத் தடுப்பூசியில் ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூவகையும் சேர்க்கப்படுகின்றன. ஊசி தரும் காப்பும் நாளடைவில் குறையும். ஆதலின் ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊசியிடத் தவறாதிருப்போமாக. ஒரு மாட்டை விட்டுவிட்டாலும், கொட்டில் முழுவதற்கும் நோய் புக வழி திறந்ததாகும்.