மூன்றாவது தசமதானம்

டுபாயில் ஒரு திர்ஹமுக்கு 100 பில்ஸ். ஓமானில் ஒரு ரியாலுக்கு 1,000 பைசா; குவைத், பஹ்ரைன் தினார்களுக்கும் 1,000 பில்ஸ்தான். இது தெரிந்திருந்தும் நான் பிழை விட்டேன். மஸ்கட்டுக்கு வந்த புதிதில், டுபாயில் பாவித்த எக்செல் சம்பளப் பட்டியலையே எடுத்து வேலை செய்தேன். அதில் இரண்டு தசமதானம். 30 தொழிலாளருக்குத் தலா 187.525 ரியால், திரையில் 187.53. கையால் கூட்டினால் 5,625.90. அடியில் எக்செல் காட்டியதோ 5,625.75. "மிச்சம் 150 பைசா எங்கே?" என்று காசாளர் கேட்டார். வேலை போனால் விசாவும் போகும் நாட்டில் அது சின்னக் கேள்வி அல்ல.

காசு எங்கும் போகவில்லை. ஃபோர்மட் எண்ணின் தோற்றத்தை மட்டுமே மாற்றும், உள்ளே 187.525 அப்படியே இருக்கும், கூட்டலும் அதைக்கொண்டே நடக்கும். #,##0.000 என்று மாற்றியதும் இரண்டு கூட்டலும் பொருந்தின.

அத்தோடு முடியவில்லை. ஒரு தம்பி தன் சம்பளச் சிட்டையைப் படம் பிடித்து ஜேர்மனியிலுள்ள அக்காவுக்கு அனுப்பினான். அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம். அக்கா அதை ஒரு இலட்சத்து எண்பத்தேழாயிரம் என்று வாசித்துவிட்டா. "இவ்வளவு உழைச்சும் அம்மாவுக்கு இவ்வளவுதானா அனுப்பிறாய்?" என்று சண்டை.

இப்போது சிட்டையில் இப்படியும் அச்சிடுகிறேன்: ரியால் 187, பைசா 525.