வில் சுமக்கும் தோள்

வில்வித்தை பழகத் தொடங்கியவரிடம் முதலில் கண்ணில் படும் பிழை தோளில்தான் இருக்கும். நாணை இழுக்கத் தொடங்கியதும் வில்லேந்திய கையின் தோள் காதை நோக்கி எழும்புகிறது, கழுத்து குறுகுகிறது, முகவாய் தோளில் இடிக்கிறது. அருகில் நிற்கும் பயிற்சியாளர் "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்று குரல் கொடுக்கிறார். தோள் இறங்குவதில்லை. பழகுபவர் சொற்கேளாதவர் அல்லர். அந்த நொடியில் அவரால் இறக்க முடியாது. ஏன் முடியாது என்பதைத் தோளின் கட்டமைப்பு சொல்லும்.

மேற்கை எலும்பின் தலை உருண்டு திரண்டது. அது பொருந்தும் குழியோ தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் அமைந்த, ஆழமற்ற ஒரு சிறு வட்டில். எந்நிலையிலும் அவ்வுருண்டையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. அந்தத் தோள்பட்டை எலும்பும் உடற்கூட்டோடு எலும்பு வழியாக இணைவது காறை எலும்பு என்னும் ஒரே பாலத்தால்தான்; மற்றபடி அது விலாக்கூட்டின் முதுகுப்புறத்தில் தசைகளின் பிடியில் வழுக்கி நகர்கிறது. எத்திசையிலும் கை வீசும் உரிமை இதனால் நமக்குக் கிடைத்தது. மூட்டை நிலைநிறுத்தும் பொறுப்பு முழுவதும் தசைகளின்மேல் விழுந்ததும் இதனால்தான்.

இனி ஒரு கணக்கு. 60 கி.கி. எடையுள்ளவரின் ஒரு கை ஏறத்தாழ 3 கி.கி. இருக்கும், அதன் எடைமையம் தோளிலிருந்து 28 செ.மீ. தொலைவில் எனக் கொள்வோம். கையின் முனையில், தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளி, 1.5 கி.கி. எடையுள்ள வில் இருக்கிறது. கையை நேராக நீட்டி நிறுத்துகையில் தோள்மூட்டில் எழும் திருப்புத்திறன் ஏறத்தாழ 17 நியூட்டன் மீட்டர். அதை எதிர்த்துத் தாங்கும் தசைகள் மூட்டின் மையத்துக்கு வெகு அருகில், 3 செ.மீ. அளவில் நின்று இழுக்கின்றன. எனவே அவை 570 நியூட்டன் அளவுக்கு, ஏறக்குறைய அவருடைய உடல் எடைக்கு நிகராக, இழுத்தாக வேண்டும். நாணில் விரல் வைத்து இழுக்கும் முன்பே இத்தனை சுமை! பழகாத உடல் இதற்குக் கைக்கு எட்டிய துணையை நாடுகிறது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் சரிவகத் தசையின் மேற்பகுதியே அத்துணை. மூட்டையைத் தூக்கும்போதும் அதைத்தான் அழைக்கிறோம். அது தோள்பட்டையையே மேலே தூக்கிவிடுகிறது.

அதற்குப் பிறகே நாண் இழுபடுகிறது. இப்போது விசையின் திசை வேறு. அதுவரை கையைக் கீழே இழுத்த சுமையோடு, கையின் வழியே தோளை உடலுக்குள் தள்ளும் சுமையும் சேர்கிறது. 9 கி.கி. இழுவிசையுள்ள வில் என்றால் அந்த 9 கி.கி.யும் உள்ளங்கையில் தொடங்கி, முன்கை, மேற்கை வழியே தோள்பட்டையில் வந்து முட்டும். தோள்பட்டை ஏற்கெனவே இடம் பெயர்ந்திருந்தால், அதை விலாக்கூட்டோடு அணைத்துப் பிடிக்க வேண்டிய முன் இரம்பத்தசையும் சரிவகத் தசையின் கீழ்ப்பகுதியும் வலுவிழந்த நிலையில் நிற்கின்றன. சுமை ஏறிய பின் அவற்றை அழைத்துப் பயனில்லை. நாண் முகவாயைத் தொட்ட பிறகு தோளைத் திருத்த முயல்வது வீண். வில்லை இறக்கிவைத்து, முதலிலிருந்து தொடங்கச் செய்வதே நல்ல பயிற்சியாளரின் பொறுமை.

ஆகவே திருத்தம் வில்லை உயர்த்துமுன் தொடங்க வேண்டும். கை தொங்கிய நிலையில் தோளைத் தளர விட்டு, கழுத்து நீண்டிருக்க, அந்த நிலையைக் காத்தபடியே கையை மட்டும் உயர்த்தப் பழகவேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கை 90 பாகை உயரும்போது ஏறத்தாழ 60 பாகை மூட்டிலும் 30 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் நிகழ்கிறது. தோள்பட்டை அசையவே கூடாது என்று கட்டளையிடுபவர் இயற்கைக்கு மாறாகக் கற்பிக்கிறார். அது சுழலலாம், சுழலவும் வேண்டும். காதை நோக்கி ஏறுதல்தான் ஆகாது.

இதை உணர்த்தச் சுவரே போதும். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, வில்லேந்தும் கையின் உள்ளங்கையைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, உடலைச் சற்றே சாய்க்கச் சொல்லுங்கள். முதலில் தோளை வேண்டுமென்றே காதுவரை ஏற்றட்டும். உடனே கழுத்துத் தசை கயிறாய் முறுக்கேறும். பிறகு தோளைத் தளரவிட்டு, சுவரை மெல்லத் தள்ளட்டும். அக்குளுக்குக் கீழே, விலாவின் பக்கவாட்டில் ஓர் இறுக்கம் தோன்றும். நாம் தேடிய முன் இரம்பத்தசை அதுவே. அடுத்து, உள்ளங்கை அசையாமல் முழங்கையை மட்டும் திருப்பி, நிலத்தை நோக்கிய முழங்கை முனையை வெளிப்புறம் பார்க்கச் செய்யட்டும். நாண் முன்கையில் அறைந்து சிவக்கவைக்கும் தொல்லையும் இதனால் பெரிதும் குறையும்.

"இறக்கு" என்ற சொல்லை அளவுக்கு மீறிப் பின்பற்றுவோரும் உளர். அவர்கள் தோளைக் கீழும் பின்னும் இறுக்கி, தோள்பட்டையை முதுகெலும்போடு ஒட்டவைக்கிறார்கள். பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆனால் கையின் நீட்டம் குறைந்து, நாண் விடுபடும் நொடியில் தோள் துள்ளும். வில்லேந்தும் தோள் இலக்கை நோக்கி நீண்டு நிலைத்திருக்க வேண்டும். முதுகெலும்பை நோக்கி நகர வேண்டியது நாண் இழுக்கும் தோளின் பட்டை. இரு தோள்களுக்கும் இட்ட பணி வேறுவேறு. இரண்டுக்கும் ஒரே கட்டளை கொடுப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

நாண் இழுக்கும் பக்கத்தில் பழகுபவர் பெரும்பாலும் மேற்கையின் முன் தசையால் இழுக்கிறார். முழங்கை மடங்குகிறதே தவிர பின்னே செல்வதில்லை. மேலிருந்து நோக்கினால் அம்பும் இழுக்கும் முன்கையும் ஒரு நேர்கோட்டில் அமைய வேண்டும். வில்லாளிக்குப் பின்னால், அம்பின் கோட்டில் நின்று கைப்பேசியில் படமெடுத்தால், முழங்கை அக்கோட்டிலிருந்து வெளியே விலகி நிற்பது தெளிவாகத் தெரியும். வில்லின்றி, ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டையின் நகர்வை உணரப் பழகுவது இதற்கு ஏற்ற மருந்து.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? அம்பின் நீளம் 70 செ.மீ. எனக் கொள்வோம். நாண் விடுபடும்போது அம்பின் முன்முனை 1 மி.மீ. விலகினால், 70 மீட்டர் தொலைவிலுள்ள ஒலிம்பிக் இலக்கில் அது 10 செ.மீ. விலக்கமாகும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரமோ 6.1 செ.மீ. மட்டுமே. நிலைபெறாத தோளின் நடுக்கம் ஒரு மி.மீட்டரோடு நிற்பதில்லை.

குறி தவறுவதைவிடப் பெரிய கேடு மூட்டுக்கு நேர்வது. மேற்கை எலும்பின் தலைக்கும் அதன் மேலே கூரையாக நிற்கும் தோள்முனை எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளிதான் உண்டு, அதனூடே ஒரு தசைநாண் செல்கிறது. தோளைத் தூக்கிச் சுருக்கிய நிலையில் நூற்றுக்கணக்கான முறை நாண் இழுத்தால் அத்தசைநாண் நசுங்கி அழற்சியுறும்.

வில் எலும்பிலும் எழுதிவைக்கும். 1545-இல் இங்கிலாந்தின் மேரி ரோசு என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. 1982-இல் அதை மேலே கொணர்ந்தனர். அதில் முழு விற்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. மாலுமிகளின் எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லாண்டு, தோள்முனை எலும்பு முழுமையாக இணையாது நின்ற நிலை வழக்கத்தைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டார். அவ்வெலும்பு இணைந்து முடிவதற்கு இருபது வயதை ஒட்டிய காலம் ஆகும். அதற்கு முன்பே வலிய வில்லை இடைவிடாது இழுத்ததன் தடம் அது என்று அவர் கருதினார். கப்பல் மூழ்கிய அதே ஆண்டில்தான் ரோசர் ஆசுகம் ஆங்கிலத்தில் வில்வித்தை நூலொன்றை வெளியிட்டு, பழகுவோரின் கோணல் நிலைகளை எள்ளி நகையாடினார். 1549-இல் அரசன் முன் உரையாற்றிய சமயப் போதகர் இயூ லாட்டிமரோ, கை வலிமையால் அன்றி உடலையே வில்லில் செலுத்தி இழுக்கத் தம் தந்தை கற்பித்ததையும், வயதும் வலிமையும் ஏற ஏறத் தமக்கு வாங்கித்தந்த வில்லும் பெரிதானதையும் நினைவுகூர்ந்தார்.

அத்தந்தையின் முறை இன்றும் பிழையற்றது. வளர்ந்த ஒருவருக்கு முதல் வில்லின் இழுவிசை 7 முதல் 9 கி.கி. வரை போதும்; சிறுவர்க்கு அதனினும் குறைவு. பிள்ளை வளரத்தானே போகிறான் என்று பெரிய வில்லை வாங்கிவரும் பெற்றோர், வலிமை ஏறும்வரை ஏறிய தோளையே அவனுக்குப் பழக்கிவிடுகிறார்கள். கழற்றி மாட்டும் வில்லில் பிடியை வைத்துக்கொண்டு வளையும் கைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு கி.கி. அளவில் படிப்படியாக ஏற்றலாம். நாணை முழுதும் இழுத்து, கழுத்து நீண்டபடியே பத்து நொடி நடுங்காமல் நின்று, எய்யாமல் மெல்லத் திரும்ப விட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வில் இன்னும் கனமாகவே இருக்கிறது.